யாருக்காகப் பல்லாண்டு?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் நம் கண்ணெதிரே எழுந்தருளினால் நாம் என்ன செய்வோம்? கைகூப்புவோம், கண்ணீர் விடுவோம். சற்றுத் தேறியதும் நமக்கு வேண்டியவற்றை விண்ணப்பிக்கத் தொடங்குவோம். பெரியாழ்வாருக்கு அப்படியொரு ஸமயம் மெய்யாகவே வாய்த்தது. வல்லபதேவ பாண்டியனுடைய ஸபையில் பரதத்துவத்தை நிர்ணயித்து, தானே தாழ்ந்த பொற்கிழியைப் பெற்று, யானைமேல் நகர்வலம் வருகிறார். பிள்ளைக்கு நடக்கும் சிறப்பைக் காணப் பெற்றோர் வருமாப்போலே, பிராட்டியோடே கருடன்மேல் வந்து ஸேவை ஸாதித்தான் எம்பெருமான். ஆழ்வார் ஒன்றும் கேட்கவில்லை, மோக்ஷமும் கேட்கவில்லை. காலம் ஆட்சி செய்கிற இந்நிலத்திலே இவ்வழகுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு பல்லாண்டு பாடினார்.

ஸர்வரக்ஷகனுக்கு ஒரு ஜீவன் காப்பிடலாமோ? ஞானம் தலையெடுத்து நிற்கையில் அவன் ரக்ஷகன், நாம் ரக்ஷ்யம். ப்ரேமம் மீதூரும்போது இம்முறை தலைகீழாகும் என்று ஸ்ரீவசநபூஷணத்திலே பிள்ளை லோகாசார்யர் காட்டியருளினார். மல்லரை அழித்த தோள்களைக் கண்டால் அச்சம் தீரவேண்டும். ஆழ்வாருக்கோ, இத்தோள்வலியை நம்பி இன்னும் எந்தப் போரிலே புகுவானோ என்று அச்சம் வளருகிறது. பலசாலியாக வளர்ந்த மகனுக்கும் தாய் திருஷ்டி கழிக்கிறாள் அன்றோ? அவன் வலிமையை அவள் அறியாதவளல்லள். அவளுடைய நினைவிலே அவள் இல்லை, அவ்வளவே.

தனியே பாடுவதில் ஆழ்வாருக்கு நிறைவில்லை. துணைக்கு ஆள் கூப்பிடுகிறார். வியாக்கியானத்தின்படி 3-ஆம் பாசுரத்தில் எம்பெருமானையே விரும்பியவர்களையும், 4-இல் கைவல்யார்த்திகளையும், 5-இல் ஐச்வர்யார்த்திகளையும் அழைக்கிறார். முதல் கூட்டத்தைப்பற்றிக் கேள்வியில்லை. மற்ற இருவரும் தமக்காக அவனிடம் வந்தவர்கள். ஒருவனுக்குச் செல்வம் வேண்டும். மற்றவனுக்குத் தன் ஆத்மாவைத் தானே அனுபவித்திருக்கும் இன்பம் வேண்டும். அடியேனுக்குத் தோன்றுவது, பின்னவனுடைய ஸ்வார்த்தமே கண்டுபிடிக்க அரிது என்பது. பொருள் கேட்பவன் நாளைக்கும் கையேந்தி அவன் முகத்தைப் பார்த்தாகவேண்டும். தன் ஆத்மாவோடே நிறைந்துவிட்டவனுக்கோ பார்க்க வேறு முகமில்லை. வைராக்யம், தூய்மை, அமைதி எல்லாம் அவனிடம் உண்டு; கைங்கர்யம் மட்டும் இல்லை. அந்த நிலத்திலே போய் விழுவதற்குமுன் வந்து சேருங்கள் என்று ஆழ்வார் பதறுவது இதனாலேயே.

இது எங்கோ இருக்கும் யோகிகளைப்பற்றிய பேச்சு என்று அடியேன் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு திவ்யதேசத்திலே கோஷ்டியில் நின்று திருப்பல்லாண்டை ஸேவித்து முடித்தோம். தீர்த்தம் ஸாதிக்கத் தொடங்கியவுடன் முன்னே நின்ற முதியவரை அடியேனுடைய தோள் இடித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் விலகி வழிவிட்டார். ‘அவனுக்கு நூறாயிரம் ஆண்டுகள்’ என்று சொன்ன வாய் மூடுவதற்குள், கை ‘எனக்கு முதலில்’ என்று நீண்டுவிட்டது. அநுஷ்டானத்தில் வழுவாமை, பாசுரங்களை மனனம் செய்த பெருமை, இவற்றையும் இதே கை சேர்த்துவைத்திருக்கக்கூடுமே என்ற பயம் அன்று வந்தது, இன்றளவும் போகவில்லை.

ஆகையால் கேட்பதே குற்றமா என்றால், 8-ஆம் பாசுரத்தைப் பார்க்கவேண்டும். செல்வம் கேட்டு வந்தவன் பேசும் பாசுரம் அது. நெய் கலந்த நல்ல சோறு, வெற்றிலை பாக்கு, கழுத்துக்கு ஆபரணம், காதுக்குக் குண்டலம், பூசச் சந்தனம் என்று எம்பெருமான் தந்ததையெல்லாம் கூச்சமின்றி எண்ணுகிறான். எண்ணிவரும்போதே, தன் உயிரையும் அவன் தூய்மையாக்கிவிட்டதைக் கண்டுகொள்கிறான். கேட்டதைவிடக் கொடுத்தவன் இனிமையாகிவிட்டான். அவனைத் திருத்த ஆழ்வார் உபதேசம் ஏதும் செய்யவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பாட அழைத்தார், அதுவே போதுமாயிற்று.

11-ஆம் பாசுரத்திலே அவன் துணிவு இன்னும் ஏறுகிறது. திருக்கோட்டியூர்ச் செல்வநம்பி குற்றமொன்றும் இல்லாதவர், அடிமையிலே சிறந்தவர். அவரைப்போலே நானும் உனக்கு நெடுநாளைய அடியான் என்கிறான். நேற்றுவரை சோறும் சந்தனமும் கேட்டு நின்றவனுக்கு இது மிகையன்றோ என்று நமக்குத் தோன்றலாம். ஆழ்வார் மறுக்கவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டே 12-ஆம் பாசுரத்துக்குப் போகிறார்.

அடியேன் ராமாநுஜ தாஸன்