அடிப்பதற்கு முன் ஒரு வரி

பத்தாங்கிளாஸ் கணக்கு ஒன்று. ஒரு தோட்டம். நீளம், அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம். பரப்பளவு 84 சதுர மீட்டர். அகலம் எவ்வளவு?

'மைனஸ் பி, ப்ளஸ் ஆர் மைனஸ் ரூட் ஆஃப் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி, பை டூ ஏ...' ஞாபகம் வருகிறதா? மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தோமே, இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம்! அதில் போட்டால் இரண்டு விடை வரும். ஒன்று, 7. இன்னொன்று, மைனஸ் 12.

மைனஸ் 12 மீட்டர் அகலத்தில் தோட்டம் ஏது? அதை அடித்துவிட்டு, 7-க்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். வாத்தியார் ஒரு மார்க் குறைத்துவிட்டார்.

''விடை சரிதானே சார்?''

''அடிச்சது தப்பில்லடா. ஏன் அடிச்சேன்னு எழுதலையே!''

ஒரு மார்க்குக்காக அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு காமர்ஸ் படித்தேன். அங்கே மைனஸுக்கும் மரியாதை உண்டு. 7-ம் நூற்றாண்டிலேயே பிரம்மகுப்தர் ப்ளஸ்ஸை 'தனம்' என்றார், மைனஸை 'ருணம்' என்றார். ருணம் என்றால் கடன். தோட்டத்தில் அர்த்தமில்லாத மைனஸ் 12, கணக்குப் புத்தகத்தில் நிஜம். விடை பொய்யில்லை, இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

12-ம் நூற்றாண்டு பாஸ்கரர், 'பீஜகணித'த்தில் ஒரு குரங்குக் கணக்கு போடுகிறார். கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு; அதில் மூன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தினால் வரும் அத்தனை குரங்கும் குகைக்குள் போய்விட்டன. மிச்சம் ஒன்று மரத்தில். மொத்தம் எத்தனை? 50 அல்லது 5. இரண்டுமே ப்ளஸ்தான். ஆனால் 5 என்று வைத்தால், நடுவில் 'மைனஸ் இரண்டு குரங்கு' வந்து நிற்கிறது. அதை ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று காரணம் சொல்லித்தான் 5-ஐ ஒதுக்குகிறார். இன்னொரு குரங்குக் கணக்கில் 48, 16 இரண்டுமே பொருந்துகின்றன. இரண்டையுமே ஏற்றுக்கொள்கிறார்!

விடைகளைக் கண்டுபிடித்துத் தருவதோடு சூத்திரத்தின் வேலை முடிந்தது. எதை வைப்பது, எதை விடுவது? அது நம் பொறுப்பு.

பத்திரிகைக்கு வந்த புதிதில், அண்ணன் - தம்பி சொத்துத் தகராறு ஒன்றை எழுதினேன். இரண்டு பேரிடமும் பேசினேன். அண்ணன் சொன்னது மட்டும் அச்சில் வந்தது. தம்பி தேடி வந்தார். ''நான் சொன்னதை நீங்க நம்பலைன்னா பரவாயில்ல சார். ஏன் நம்பலைன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?''

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால், காரணம் என்று எதுவும் என்னிடம் இல்லை. அண்ணன் நன்றாகப் பேசினார், அவ்வளவுதான்!

வீட்டில், ஆபீஸில் தினமும் யாரோ ஒருவர் சொல்வதை நாமும் அடித்துக்கொண்டேதான் இருக்கிறோம். அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு வரி, காரணம் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு கணக்கை இன்னொரு தரம் போட்டுப் பாருங்களேன்!