இல்லத்தன்பும் ஊர்ப்பணியும்

நெடுநாள் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவருக்காக இரங்கற் கூட்டம் நடைபெறும்போது, பேச எழுவோர் தவறாமல் இரண்டு செய்திகளைச் சொல்வர். "குடும்பத்தைக் கண்ணின் மணிபோல் காத்தார்" என்பது ஒன்று. "ஊர்ப்பணி என்றால் முதல் ஆளாய் வந்து நிற்பார்" என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்டுத் தலையசைத்துவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். ஆயினும் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு அறங்களா? ஒன்று வளர மற்றொன்று தேய்ந்தே ஆகவேண்டுமா?

தேய்ந்தே ஆகும் என்று கூறுவோர் உளர். அண்ணல் காந்தியடிகளின் மூத்த மகன் அரிலால் தந்தையை விட்டு விலகி, துயரமே வாழ்வாய் மறைந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவர். உலகைத் தம் குடும்பமாகக் கொண்டவர், தம் குடும்பத்தை உலகத்தில் ஒரு பகுதியாக மட்டுமே கருத நேரும் என்பது அவர்தம் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. எனவே, இவ்வினாவைச் சொல்லளவில் ஆராயாமல், நூறாண்டு நிறைவாய் வாழ்ந்த ஒருவரின் வாழ்வில் வைத்து ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் 1924-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிறந்து, 2024 டிசம்பர் 29 அன்று அதே ஊரில் மறைந்தவர் ஜிம்மி கார்ட்டர். 1977 முதல் 1981 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். அப்பதவியைப் பற்றி இங்கே நாம் பேசப் போவதில்லை. எழுபத்தேழு ஆண்டுகள் ஒரு மனையாளுடன் வாழ்ந்த இல்லறத்தாராகவும், முதுமையிலும் சுத்தியல் ஏந்திய தொண்டராகவும் மட்டுமே அவரை நோக்குவோம்.

1953-ஆம் ஆண்டில் கார்ட்டர் கடற்படை அலுவலர். தந்தையார் புற்றுநோயுற்று மரணப் படுக்கையில் கிடந்தபோது மகன் அருகில் இருந்தார். அவ்வேளையில் ஊரார் ஒருவர் பின் ஒருவராக வாயிலில் வந்து நின்றனர். தந்தையார் செய்த உதவிகளை நன்றியோடு சொல்லிச் சென்றனர். அவற்றுட் பல, பெற்ற மகனே அதுவரை அறியாதவை. தாம் கடற்படையில் எவ்வளவு உயர்ந்தாலும், தம் மறைவின்போது இத்தனை பேர் இவ்வாறு வந்து நிற்பரோ என்று அவர் எண்ணினார். அந்த எண்ணமே அவரைப் பணியைத் துறந்து ஊர் திரும்பச் செய்தது.

நற்செயல் எவ்வாறு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் செல்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால், கதை இத்துடன் முடிந்திருந்தால் நம் வினாவுக்கு விடை கிடைத்திராது. ஊர் திரும்பும் முடிவைக் கார்ட்டர் தாமே எடுத்தார். மனைவி ரோசலினைக் கேட்கவில்லை. மூன்று ஆண் குழந்தைகளுடன் தமக்கென ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டிருந்த அவ்வம்மையார் கடுஞ்சினம் கொண்டார். ஊர் திரும்பிய நெடும்பயணத்தில் கணவருடன் நேரே பேசாமல், மூத்த மகன் வழியாகவே பேசினார் என்பதைக் கார்ட்டரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஊரில் முதல் ஓராண்டு அரசு கட்டிய எளியோர் குடியிருப்பில் வாழ நேர்ந்தது. 1962-இல், தம் முப்பத்தெட்டாம் பிறந்த நாளன்று, மாநில மேலவைக்குப் போட்டியிடப் புறப்பட்டபோதும் அவர் மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. 'நல்லுடை உடுத்து எங்கே புறப்படுகிறீர்கள்?' என்று அவர் கேட்ட பிறகே செய்தி வெளிவந்தது.

இதனை நாம் எடுத்துரைப்பது மறைந்தவர்மீது குறை காண்பதற்கன்று. ஊர்ப்பணி எவ்விடத்தில் இல்லத்தன்போடு முரண்படுகிறது என்பதை இது துல்லியமாகக் காட்டுகிறது. தொண்டு செய்வதனால் முரண் தோன்றவில்லை. தொண்டின் சுமையில் பாதியைத் தாங்கப் போகிறவரைக் கேளாமல் முடிவெடுப்பதனால்தான் அது தோன்றுகிறது. கொடை என்பது தம்முடையதைக் கொடுப்பது. மனைவியின் உறக்கத்தையும் மக்களின் மாலைப் பொழுதையும் அவர்களைக் கேளாமல் எடுத்து ஊருக்கு வழங்குபவர், பிறர் பொருளைத் தானம் செய்தவரே ஆவார்.

கார்ட்டர் இதனைக் கற்றுக்கொண்டார் என்பதே அவர் வாழ்வின் சிறப்பு. குடும்ப வணிகத்தின் கணக்கேடுகளை ரோசலின் எழுதத் தொடங்கினார். நாளடைவில் வணிகத்தின் எந்தக் கிளை இலாபம் தருகிறது, எது தரவில்லை என்பதைக் கணவர் அவரிடம் கேட்டறியும் நிலை வந்தது. 1982-இல் தோற்றுவித்த கார்ட்டர் மையம் இருவரும் சேர்ந்து தொடங்கியதே. 1987-இல் இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதியபோது கருத்து வேற்றுமை முற்றி, அவரவர் எழுதிய பத்திகளுக்கு அவரவர் பெயரின் முதலெழுத்தை இட்டு நூலை வெளியிட்டனர். வயது அறுபதைக் கடந்த பின்னும் மனைவிக்கெனத் தனிக் குரல் உண்டு என்பதை அச்சிலேயே ஒப்புக்கொண்டவரை நாம் மதிக்கவே வேண்டும். பிணக்கைத் தீர்த்துக்கொள்ளாமல் உறங்கச் செல்வதில்லை என்பதும் அவர்கள் கடைப்பிடித்த நெறி.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் விதி ஒன்று உண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. பாடத்துக்கு மட்டுமன்று, அன்புக்கும் இவ்விதி பொருந்தும். நாம் வகுப்பறையில் கழித்த ஆண்டுகளில் கண்டதும் இதுவே. வீட்டில் தம்பிக்குச் சோறூட்டிப் பழகிய சிறுமி, புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை அழுதால் எவரும் ஏவாமலே அருகில் சென்று அமர்வாள். அன்பு தொடங்கும் இடம் வீடு. ஆனால், அங்கேயே நின்றுவிட்டால் அது பற்றாகச் சுருங்கும். கார்ட்டரின் தந்தையார் ஈகையாளர்; ஆயினும் வெள்ளையர் வேறு, கருப்பர் வேறு என்னும் அக்கால வழக்கத்தை மீறாதவர். மகன் 1971-இல் மாநில ஆளுநராகப் பொறுப்பேற்ற நாளன்று, இனவேற்றுமைக் காலம் முடிந்துவிட்டது என்று வெளிப்படையாக அறிவித்தார். தாயார் லிலியனோ, கணவரை இழந்த பின் அறுபத்தெட்டாம் வயதில், 1966-இல் நம் நாட்டுக்கு வந்து, பம்பாயை அடுத்த விக்ரோலியில் செவிலியராகத் தொண்டாற்றியவர்.

பதவியிழந்து ஊர் திரும்பிய கார்ட்டர், 1961-இல் கட்டிய அதே பழைய வீட்டில் மீண்டும் குடியேறினார். 1984-இல் அவரும் ரோசலினும் தொண்டர்களோடு பேருந்தில் நியூயார்க் சென்று, இடிந்து கிடந்த மாடிக் கட்டடம் ஒன்றை 19 குடும்பங்கள் வாழும் இல்லமாக்கும் பணியில் இறங்கினர். அதன்பின் 2019 வரை, வீடற்றோருக்கு வீடு கட்டும் 'ஹாபிடாட்' அமைப்பின் பணியில் இருவரும் உழைத்தனர். பதினான்கு நாடுகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழவும் செப்பனிடப்படவும் அவர்கள் துணை நின்றனர். 2006-இல் புனே நகரை அடுத்த மாளவலியில் நூறு வீடுகள் கட்டும் பணிக்கும் வந்தனர். அப்போது அவருக்கு வயது 82. தொண்ணூற்றைந்தாம் வயதில் வீட்டில் வீழ்ந்து நெற்றியில் தையலிட்ட பின்னரும், கட்டுடன் பணியிடம் சென்றார்.

நம் வாசகர்களுக்கு மிக நெருக்கமான பணி ஒன்றும் உண்டு. நம் பாட்டிமார் அறிந்த நரம்புச் சிலந்தி நோயை நினைவுகூர்வோம். குளத்து நீரிலுள்ள நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் வழியே உடலுள் புகும் புழு, ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிப்படும். அதற்கு மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. 1986-இல் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வருத்திய அந்நோயை ஒழிக்கும் முயற்சியைக் கார்ட்டர் மையம் முன்னின்று நடத்தியது. 2024-இல் மனிதரிடையே பதிவானவை 15 மட்டுமே. இம்முயற்சியில் கைக்கொண்ட முதன்மையான கருவிகளுள் ஒன்று, குடிநீரை வடிகட்டும் நெருக்கமான துணி! நீரில் வாழும் சிற்றுயிர்க்கு ஊறு நேராவண்ணம் வடிகட்டிப் பருகும் நம் இல்லங்களின் வழக்கம், பருகுவோரையும் காக்கும் என்பதை ஆப்பிரிக்கச் சிற்றூர்கள் மெய்ப்பித்துள்ளன. அடுக்களையில் தாய் குடத்தின் வாயில் கட்டிய துணியும் ஊர்ப்பணியே என்று சொன்னால் அது மிகையாகாது.

ரோசலின் 2023 நவம்பர் 19 அன்று, 96-ஆம் வயதில் மறைந்தார். ஒன்பது மாதங்களாக வீட்டிலேயே இறுதிக்காலப் பராமரிப்பில் இருந்த கணவர், சக்கர நாற்காலியில் வந்து விடைகொடுத்தார். இன்று இருவரும் பிளெயின்ஸில் தம் வீட்டு வளாகத்திலேயே அருகருகே அடக்கமாகியுள்ளனர்.

புகழும் வசதியும் உடையவர்க்கு இஃது எளிது என்று சிலர் கூறலாம். ஆணி அடிப்பதற்கும் தண்ணீர் வடிகட்டுவதற்கும் புகழ் வேண்டியதில்லை. மனைவியிடம் "உனக்கு இசைவா?" என்று கேட்பதற்கு வசதியும் வேண்டியதில்லை.

ஆகவே, இல்லத்தன்பும் ஊர்ப்பணியும் ஓரறமே என்பது நம் துணிபு. கேட்டுச் செய்யும்போது அவை ஒன்றையொன்று வளர்க்கும். கேளாமற் செய்யும்போது ஒன்றையொன்று அரிக்கும். நம் பெரியவர் ஒருவரை நினைவுகூரும் கூட்டத்தில், அவர் திருப்பணிக்கு அலைந்த ஆண்டுகளில் வீட்டைத் தாங்கியவர் யார், நள்ளிரவில் திரும்பியவருக்குக் கதவு திறந்தவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்வோமாக. பெரும்பாலும் அவர் அந்தக் கூட்டத்திலேயே, கடைசி வரிசையில் பெண்களோடு அமர்ந்திருப்பார். அவர் பெயரையும் மேடையில் சொல்லுங்கள். அவர் கேட்கும்படி சொல்லுங்கள்.