ஏரியில் அடைபட்ட போர்க்கப்பல்கள்

பகை நாடுகள் ஒன்றையொன்று பார்த்துப் போர்க்கப்பல்களைப் பெருக்கிக்கொண்டே போவதைக் கடற்படைப் போட்டி என்பர். எதிரி கட்டுகிறான், ஆகவே நாமும் கட்டியாக வேண்டும் என்பதே அதில் இறங்கும் ஒவ்வோர் அரசும் சொல்லும் நியாயம். குடிகளைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டாதலால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த நியாயம் எத்தனையாவது கப்பல்வரை செல்லுபடியாகும் என்று கேட்டாக வேண்டும். ஒரு தரப்பு மான்ட்ரியல் நகரின் வழியே தளவாடம் பெற்று நடத்திய ஒரு போட்டி இதை எடைபோட உதவும்.

1812இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டபின், ஒன்டாரியோ ஏரியின் ஒரு கரையில் கிங்ஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் இயோவும், மறுகரையில் சாக்கெட்ஸ் ஹார்பரிலிருந்து அமெரிக்கத் தளபதி ஐசக் சான்சியும் ஒருவரையொருவர் மிஞ்சக் கப்பல் கட்டினர். ஒரு தரப்பின் புதுக் கப்பல் நீரில் இறங்கியதும் மறுதரப்பு துறைமுகத்துக்குள் ஒதுங்கி, அதனினும் பெரியது முடியும்வரை காத்திருந்தது. மரம் காடுகளில் கிடைத்தது. பிரிட்டிஷ் தரப்புக்கான பீரங்கியும் நங்கூரமும் வடக்கயிறும் இங்கிலாந்திலிருந்து மான்ட்ரியலுக்கு வந்தன. லாசீனில் செயின்ட் லாரன்ஸ் ஆறு பாறைகள்மேல் கொந்தளித்துப் பாய்வதால், அவற்றை லாசீன்வரை வண்டியில் கொண்டுபோய், பின் தட்டையடிப் படகுகளில் ஏற்றி, அடுத்தடுத்த பாய்ச்சல்களில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தே மேலே சேர்த்தனர். மறுகரையிலும் இதே பாடுதான்: 1814இல் சுப்பீரியர் என்ற கப்பலுக்கான, நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள வடத்தைக் குடிப்படையினர் வரிசையாகத் தோளில் சுமந்து ஏறத்தாழ 20 மைல் நடந்தனர், தோள் புண்ணாகாதிருக்கப் புல்லைத் திரித்து அடியில் வைத்துக்கொண்டனர். போட்டியின் செலவைக் கணக்கிடுவோர் இந்தத் தோள்களிலிருந்து தொடங்குவதே நேர்மை.

அவ்வாண்டு செப்டம்பரில் கிங்ஸ்டனில் நீரில் இறங்கிய ‘செயின்ட் லாரன்ஸ்’, 112 பீரங்கிகள் தாங்கிய முதல்தரக் கப்பல், அதாவது பெருங்கடற் போர்களில் முன்னணியில் நிற்கும் மிகப் பெரிய வகை. ஆற்றுப் பாய்ச்சல்களைக் கடந்து அது ஒருநாளும் கடலுக்குப் போயிருக்க முடியாது. எந்தச் சண்டையிலும் ஈடுபடாமலே 1832இல் 25 பவுனுக்கு விலைபோயிற்று.

சுடாமலே எதிரியைத் துறைமுகத்தில் அடைத்தது அதன் வெற்றியல்லவா என்று கேட்கலாம். அன்றைய அளவில் உண்மைதான். ஆனால் அமெரிக்கத் தரப்பு அதனினும் பெரிய இரு கப்பல்களைக் கட்டத் தொடங்கிற்று. தன் அச்சத்தைத் தணிக்கும் செயலே எதிரியின் அச்சத்தை வளர்க்கும் என்பதை இரு தளபதிகளும் கண்முன்னே பலமுறை பார்த்திருந்தனர். முதல் கப்பலைக் கட்டியவர் விளைவை அறியவில்லை என்று சொல்லித் தப்பலாம். அடுத்தடுத்துக் கட்டியவர்க்கு அந்தப் புகலிடம் இல்லை. போரின் நெருக்கடி அவர்கள் குற்றத்தைக் குறைக்கும், துடைக்காது.

1817இல் அமெரிக்கத் தரப்பில் ரிச்சர்ட் ரஷ், பிரிட்டிஷ் தரப்பில் சார்லஸ் பேகட் இருவரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களின்படி, ஒன்டாரியோ ஏரியிலும் மான்ட்ரியலுக்குத் தெற்கே உள்ள சாம்ப்ளெய்ன் ஏரியிலும் இரு தரப்பும் தலா ஒரு கப்பலும் மேல் ஏரிகளில் தலா இரண்டும் மட்டுமே வைத்துக்கொள்ள இசைந்தன. ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மிகாது, ஒரே பீரங்கி தாங்கும். இது அறத்தால் வந்ததன்று, கையிருப்பு கரைந்ததால் வந்தது என்போர் கூற்றில் உண்மை உண்டு. அச்சமும் முற்றாக நீங்கவில்லை, ஏனெனில் பிரிட்டன் 1819 முதல் ரிஷ்லியூ ஆற்றிலுள்ள தீவொன்றில் லெனாக்ஸ் கோட்டையை எழுப்பியது. ஆயினும் களைப்பினால் செய்த உடன்பாட்டைக் களைப்பு தீர்ந்தபின் காப்பதற்கு வேறொரு பண்பு வேண்டும்.

அது 1864இல் சோதிக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்பினர் சிலர் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கனடாவிலிருந்து எல்லை தாண்டி, வெர்மான்ட்டின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் வங்கிகளைக் கொள்ளையடித்துத் திரும்பினர். மான்ட்ரியல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இதற்கிடையே உடன்பாட்டை முறிப்பதாக அமெரிக்கா ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்திருந்தது. பதிலுக்குக் கப்பல் கட்டுவதே பழைய வழக்கம். ஆனால் இம்முறை கனடா, எல்லைக்குக் காவற்படையை அனுப்பித் தன் பக்கத்துக் குற்றத்தைத் தடுக்க முனைந்தது, வங்கிகளுக்கு ஈடும் வழங்கிற்று. 1865 மார்ச்சில் அமெரிக்கா அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அந்நாளிலும் சாக்கெட்ஸ் ஹார்பரில், செயின்ட் லாரன்ஸை மிஞ்சத் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் கப்பல், முடிக்கப்படாமல் கரையிலேயே நின்றுகொண்டிருந்தது. 1883இல்தான் அதை விற்றனர்.