திருத்தத்தின் தழும்பு

பிராயச்சித்தம் செய்துகொண்ட மனிதன், குற்றம் புரிவதற்கு முன்னிருந்த மனிதனாகவே மீண்டுவிடுகிறானா, அன்றிக் குற்றத்தின் வடுவோடு பிராயச்சித்தத்தின் வடுவையும் சேர்த்துச் சுமக்கும் வேறொருவனாக ஆகிறானா என்ற வினா, தர்ம விசாரணையில் நாட்டமுள்ளோர்க்குப் புதிதன்று. எனினும் எனக்கு அதைத் தெளிவாக்கிக் காட்டியது எந்தச் சாஸ்திரமும் அன்று. சுட்டபின் மறுபடி மருந்திட்டு உபயோகிக்கப்படும் ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூடே. கொலைக் கருவியிலிருந்து தத்துவம் எடுப்பதா என்று முகம் சுளிப்போர், மகாபாரதத்தின் வன பர்வத்திலே கௌசிகன் என்னும் அந்தணன், தர்மத்தின் சூக்ஷ்மத்தை மிதிலையில் இறைச்சி விற்றுக்கொண்டிருந்த வியாதனிடம் சென்று கேட்டறிந்ததை நினைவுகூர்வார்களாக.

அமெரிக்க நாட்டில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடுவதில் போட்டியிடுவோரும், சுட்டதும் வெளியே விழும் கூடுகளைப் பொறுக்கி வைத்து, வீட்டின் ஒரு மூலையில் அமைத்த சிறு பட்டறையில் தாமே மீண்டும் தோட்டாவாக்கிக் கொள்ளுகிறார்கள். அந்தக் கூடு செம்பு நூற்றுக்கு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் சேர்ந்த பித்தளை. 1952-ல் வெளிவந்த .308 வின்செஸ்டர் போன்ற ஒரு தோட்டா வெடிக்கையில் உள்ளே எழும் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரையில் போகலாம். அந்தக் கணத்தில் கூடு உப்பித் துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்புறம் வராதபடி அடைத்து நின்று, அழுத்தம் தணிந்தபின் இம்மியளவு சுருங்கி வெளியே வருகிறது. சுருங்கினாலும் பழைய உருவம் அதற்கு இல்லை; எந்த அறையில் வெடித்ததோ அந்த அறையின் உருவமே அதன் உருவமாகிவிட்டது. ஆகவே அதை எஃகு அச்சொன்றினுள் செலுத்தி, நெம்புகோல் விசையால் அமுக்கி, மறுபடி அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

வடமொழியில் சம்ஸ்காரம் என்ற ஒரே சொல், செயல் ஒன்று மனத்தில் பதித்துவிட்டுப் போகும் சுவட்டையும் குறிக்கும். ஒரு பொருளையோ மனிதனையோ செப்பம் செய்யும் சடங்கையும் குறிக்கும். கறைக்கும் கறை நீக்கத்திற்கும் ஒரே பெயர் வந்தது எவ்வாறு என்று நான் வெகுநாள் வியந்ததுண்டு. அச்சினுள் நுழையும் பித்தளையைப் பார்த்தால் அந்த வியப்பு தீர்ந்துபோகும். ஏனெனில் வெடித்த நெருப்பு பித்தளையில் ஒரு சுவட்டை விட்டதென்றால், அதைத் திருத்த வந்த அச்சும் ஒரு சுவட்டை விட்டுத்தான் போகிறது.

இந்தத் தொழிலில் நேரும் சங்கடங்களுள் முதலாவது எண்ணெயைப் பற்றியது. எண்ணெய் பூசாத கூடு அச்சினுள் இறுகிச் சிக்கிக்கொள்ளும்; பலவந்தமாக இழுத்தால் அடிவிளிம்பு பிய்ந்து கையோடு வரும். மிகுதியாகப் பூசினாலோ, போக இடமில்லாத எண்ணெய் அச்சுக்கும், கூட்டின் உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவாகிய தோளுக்கும் இடையே தேங்கி, தோளில் குழிகளைப் பதித்துவிடும். கண்டிப்பவன் சொல்லில் ஸ்நேகம் இல்லாவிடினும் கெடுதி, அது வழிந்தாலும் கெடுதி என்பது எல்லாரும் அறிந்ததே. இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது சங்கடமே விசாரத்திற்கு உரியது. ஒருவன் கூட்டை அச்சில் அமுக்கி எடுத்துத் துப்பாக்கியில் இட்டுப் பார்க்கிறான். முன்பு அறையை எளிதாய் மூடிய போல்ட் இப்போது பாதியில் நின்று, கைக்கு அடங்காமல் முறுக்குகிறது. திருத்துமுன் நுழைந்த கூடு திருத்தியபின் நுழையவில்லை! காரணம் இதுதான். அச்சு முதலில் கூட்டின் உடலைச் சுற்றிலும் நெருக்குகிறது; நெருக்குண்ட பித்தளை, போக வேறு வழியின்றி மேல்நோக்கி நகர்ந்து தோளை முன்னே தள்ளுகிறது. கூடு இன்னும் சிறிது உள்ளே சென்று, அச்சின் தோள் கூட்டின் தோளைச் சந்தித்துப் பின்னுக்குத் தள்ளினாலன்றி, அந்தக் கூடு முன்னிலும் நீண்டதாகவே வெளிவரும். நெம்புகோல் அடிவரை வந்துவிட்டதே என்று கை சாட்சி சொல்லும். ஆனால் அச்சின் அடிவாய்க்கும் கூட்டைப் பற்றிய பிடிக்கும் இடையே குனிந்து பார்த்தால், விசையில் யந்திரமே சிறிது வளைந்துகொடுத்ததால் உண்டான மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். அரைகுறைத் திருத்தம் திருத்தமின்மையைக் காட்டிலும் கேடு பயக்கும் என்பதற்கு, அந்த ஒளிக்கீற்றைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

அப்படியானால் முழு வலிமையோடு அமுக்கிவிடுவதே சரியென்று துணிவோருக்கு மூன்றாவது சங்கடம் காத்திருக்கிறது. தோள் அளவுக்கு மிஞ்சிப் பின்தள்ளப்பட்ட கூடு அறையில் இலகுவாக நுழையும்; வெளிப்பார்வைக்குப் பரம சாதுவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் அந்த இடைவெளியை நிரப்ப அது நீள வேண்டும். நீளுதல், அடிக்குச் சற்று மேலேயுள்ள சுவரின் கனத்தைத் தின்கிறது. சில சுற்றுகளில் அவ்விடத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தோன்றும். நுனி வளைத்த கம்பியொன்றைக் கூட்டின் வாய்வழியே விட்டு உட்சுவரைத் தடவினால், அந்தப் பள்ளத்தில் கம்பி தட்டுப்படும். அதையும் அலட்சியம் செய்தால், ஒருநாள் கூடு அறைக்குள்ளேயே இரண்டாய் அற்றுப்போகும். கட்டளைக்கு எளிதில் பணிகின்ற பிள்ளையைக் கண்டு மகிழும் தகப்பன்மார், அந்தக் கம்பியை ஒருமுறை நினைத்துப்பார்ப்பது நலம்.

எவ்வளவு திருத்துவது என்பதற்கு அளவு எங்கே? 1926-ல் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்கள் கூடி அமைத்த சங்கம் அறைகளுக்கும் தோட்டாக்களுக்கும் பொது அளவுகளை வகுத்திருக்கிறது. அறையைச் சோதிக்க இரண்டு எஃகு அளவைகள் உண்டு: .308-க்கு 1.630 அங்குல அளவையின்மேல் போல்ட் மூடவேண்டும், 1.634 அங்குல அளவையின்மேல் மூடக்கூடாது. முன்னது விதி, பின்னது நிஷேதம். இரண்டுக்கும் இடையே அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதுதான் தர்மத்தின் அகலம். அந்த அகலத்திற்குள்ளும் ஒவ்வொரு துப்பாக்கியின் அறைக்கும் தனி ஸ்வபாவம் இருப்பதால், அனுபவஸ்தர் அந்தத் துப்பாக்கியிலேயே வெடித்த கூட்டை அளந்து, அதிலிருந்து தோளை ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மாத்திரம் பின்னே தள்ளுவர். பொது நெறி எல்லையைக் காட்டுகிறது. அளவையோ, திருத்தப்படும் வஸ்துவினிடத்திலேயே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் செய்தபின்னும், நேற்றுச் சரியாயிருந்த அதே அச்சு, அதே விசை, இன்று அதே கூட்டைச் சரிசெய்ய மறுப்பதுண்டு. உப்புவதும் அமுங்குவதுமாகப் பலமுறை மாறிய பித்தளை கடினப்பட்டுவிட்டது. அச்சைவிட்டு வெளிவந்த மறுகணமே அது விருப்பம்போல் சிறிது மீண்டுகொள்ளுகிறது. இதை, பழவினையின் பதிவாகிய வாசனை என்னாமல் வேறு என்னென்பது? ஓயாத கண்டனத்தில் வளர்ந்தவன் கண்டனத்திற்கே செவிடாகிவிடுவதை நாம் பார்த்ததில்லையா? மேலும் அமுக்குவது மேலும் கடினப்படுத்துவதே. பரிகாரம் நெருப்பு ஒன்றுதான். நம் கன்னார் பாத்திரத்தை அடித்து, அது இறுகியதும் உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி அடிப்பதுபோல, இவர்களும் கூட்டின் கழுத்தையும் தோளையும் மட்டும் அளவாகக் காய்ச்சுகிறார்கள். அடிப்பாகத்தில் அந்த வெப்பம் ஏறலாகாது. அத்தனை அழுத்தத்தையும் தாங்கும் அடி இளகினால் ஆபத்து சுடுபவனுக்கே. எதை இளக்குவது, எதை உறுதியாகவே விட்டுவிடுவது என்ற விவேகமில்லாத தபஸ் தபஸாகாது.

செம்பில் களிம்பு உடன்பிறந்தது, புளியிட்டுத் துலக்குவதால் நீங்குவதன்று என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். அதன் உண்மையை நம் நாட்டின் மழைக்காலமே ஒருமுறை பித்தளையின்மேல் எழுதிக்காட்டிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில், குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக் கூடுகள், ஒருவரும் தொடாமலே, ஒருமுறையும் வெடிக்காமலே தாமாக வெடிப்பு விட்டன. உற்பத்தியின்போது இழுத்து அமுக்கி உருவாக்கியதில் உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா வாயுவும் கூடியதே காரணம் என்று 1921-ல் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்ற மூவர் விளக்கினர். சுவடு உள்ளேயே இருந்தது; சந்தர்ப்பம் வரும்வரை காத்திருந்தது. மென்மையான வெப்பத்தால் அந்த இறுக்கத்தைத் தணித்தால் வெடிப்பு வருவதில்லை.

முள்ளை முள்ளால் எடுக்கலாம். எடுத்த முள்ளையும் எறிந்துவிட வேண்டும் என்பர் பெரியோர். ஞானத்தில் பிறந்த சம்ஸ்காரம் மற்றச் சம்ஸ்காரங்களைத் தடுக்கும், முடிவில் அதுவும் அடங்கவேண்டும் என்பது பதஞ்சலியின் யோக சாஸ்திரத்தின் கருத்தும் ஆகும். பிராயச்சித்தம் பழைய மனிதனைத் திருப்பித் தருவதில்லை. திருத்தியவன் கையும் அவன்மேல் பதிந்தே இருக்கும். ஆதலின் பிறரையோ தன்னையோ திருத்தப் புகுவோன் முதலில் அளக்கவும், பிறகு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கோடு நிற்கவும், இறுகிய இடத்தில் விசையை விட்டு வெப்பத்தை நாடவும் கற்கவேண்டும். பளிச்சென்ற வளையம் விழுந்த கூட்டை எந்த அச்சிலும் பட்டறைக்காரர்கள் இடுவதில்லை. குறடால் நசுக்கி, பழைய பித்தளையோடு சேர்த்துவிடுகிறார்கள். அது உருகி மறுபடி என்ன உருவம் கொள்ளும் என்பது அவர்கள் பட்டறையைச் சேர்ந்த விஷயமன்று.