துணை ஆசிரியரும் துடுக்கு மாணவர்களும்

ஜப்பானின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டு இளைஞர் பெரும்பாலும் துணை ஆசிரியர்தான். வெளிநாட்டு இளைஞர்களை வரவழைக்க 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வருபவர் உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்துகிறார். மதிப்பெண் பொதுவாக அவர் கையில் இல்லை. பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். துடுக்குத்தனத்தின் பாதிக் காரணம் அதுவே.

மேசையில் தலை கவிழ்ந்து தூங்குவது, கேட்டால் வாய் திறவாமல் இருப்பது, உச்சரிப்பைக் கேலியாகத் திருப்பிச் சொல்வது எனத் துடுக்குத்தனம் பல விதம். எல்லாவற்றையும் அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கத்துக்குப் பின்னால் மாலைப் பயிற்சி வகுப்பும் விளையாட்டுக் குழுவும் தந்த களைப்பு இருக்கலாம். மௌனம் பலவேளை சக மாணவர் முன் தவறிவிடுவோமோ என்ற கூச்சம். கண்டிக்க வேண்டியது கேலியைத்தான்.

ஆனால் எப்படிக் கண்டிப்பது? 1947-ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. புரியாத மொழியில் கத்தினாலோ அதுவே வேடிக்கையாகிவிடும். எனவே கண்டிப்பு உள்ளூர் ஆசிரியரின் பொறுப்பு; எது நடந்தால் யார் பேசுவது என்பதை இருவரும் வகுப்புக்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. துணை ஆசிரியருக்கும் வழி உண்டு: பெயர்களைக் கற்றுக்கொள்ளலாம் (பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளை கூட்டத்துக்குள் ஒளிய முடியாது), பேச்சை நிறுத்திவிட்டு அருகில் போய் நிற்கலாம், துடுக்கானவனிடமே கரும்பலகை வேலையை ஒப்படைக்கலாம். ஜப்பானிய மொழி கொஞ்சம் புரிகிறது என்று தெரிந்தாலே பின்வரிசைச் சிரிப்பு குறையும்.