கடந்து செல்பவரின் கடன்

ஓர் ஊரில் வாழ்பவருக்கு அவ்வூரின்பால் கடமைகள் உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அவ்வூரைக் கடந்து செல்பவருக்குக் கடமை ஏதேனும் உண்டா? சாலை எல்லார்க்கும் பொது; அதன் வழியே போகிறவர் எவர்க்கும் எதுவும் கொடுக்கவேண்டியவர் அல்லர் என்றே பொதுவாக எண்ணுகிறோம். பேருந்திலோ மகிழுந்திலோ செல்பவரிடம் இவ்வினாவை எழுப்பினால் அது பொருளற்றதாகவே தோன்றும். மிதிவண்டியில் செல்பவரிடம் எழுப்பினால் அவர் சற்றே தயங்குவார். அத்தயக்கம் சிந்தனைக்கு உரியது.

குருவாகப் பணியாற்றிப் பின் சமூகச் சிந்தனையாளராக அறியப்பட்ட இவான் இல்லிச், ஆற்றலும் நீதியும் பற்றி 1970-களில் எழுதிய ஒரு சிறு நூலில் மிதிவண்டியைப் பெரிதும் போற்றினார். நடப்பவரைவிட மிதிவண்டியில் செல்பவர் மூன்று நான்கு மடங்கு விரைவாகச் செல்கிறார். ஆயினும் அதே தொலைவுக்கு அவர் செலவிடும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அவர் காட்டினார். மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைச் சிலர் அடையும்போது, மற்றவர்களின் நேரமும் இடமும் அவர்களுக்காகப் பறிக்கப்படுகின்றன என்பது அவர்தம் வாதம். இதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். மிதிவண்டியின் வேகம் எதிரே வருபவரின் முகம் தெரியும் வேகம். நிறுத்த நினைத்தால் காலை ஊன்றி நின்றுவிடக்கூடிய வேகம். எனவே, 'நான் பார்க்கவில்லை' என்று சொல்லும் வசதி மிதிவண்டியில் செல்பவருக்கு இல்லை.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்திலிருந்து தெற்கே வெம்பக்கோட்டைக்கும், அங்கிருந்து மேலும் தெற்கே தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைக்கும் மிதிவண்டியில் செல்பவரை எடுத்துக்கொள்வோம். மேற்கே நீலக்கோடாய் மேற்குத் தொடர்ச்சி மலை உடன் வருகிறது. தென்மேற்குப் பருவமழையை அந்த மலை தடுத்துவிடுவதால் இப்பக்கம் மழை குறைந்த கரிசல் பூமி. பருத்தியும் சோளமும் வானத்தை நம்பியே விளைகின்றன. மலையில் பிறக்கும் வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. ஆடி மாதமாயின் மேலைக்காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளும். இவற்றையெல்லாம் தொடைத்தசையால் உணர்ந்து செல்வதில் ஓர் இன்பம் உண்டு. அதற்காகவே தலைக்கவசம் அணிந்து, எடை குறைந்த வண்டிகளில் விடியற்காலையில் புறப்பட்டு வரும் நகரத்து இளைஞர்களை இன்று காண முடிகிறது.

வெம்பக்கோட்டையில் வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டில், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022 மார்ச் முதல் அகழாய்வு நடத்தியது. சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், நூல் நூற்ற தக்களிகள், பிள்ளைகள் விளையாடிய வட்டச்சில்லுகள், ஏராளமான சங்கு வளையல் துண்டுகள் ஆகியவை அங்கே வெளிப்பட்டன. கடலில் கிடைத்த சங்கை இத்தனை தொலைவு கொண்டுவந்து, அறுத்து, வளையலாக்கி உழைத்த கைகள் இங்கே இருந்தன என்பதற்கு அவை சான்று. கழுகுமலையிலோ எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்த நிலையில், அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நிற்கிறது. அருகே பாறைச் சரிவில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் உள்ளன. துறவியர் பெயர்களோடு தச்சர், குயவர், கொல்லர் ஆகியோரின் பெயர்களும் அங்கே இடம்பெற்றுள்ளன.

இவ்விரண்டு இடங்களிலும் மிதிவண்டியில் வருபவர் இறங்குகிறார், வியக்கிறார், படம் எடுத்துக்கொள்கிறார். இடைப்பட்ட வழியில் அவர் இறங்காத இடிபாடுகளும் உண்டு. 1920-களில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த சிவகாசிக்காரர் இருவரால் தொடங்கிய மாற்றம், பின்னர் பட்டாசுத் தொழிலாக விரிந்து, மழை பொய்த்த இந்த மண்ணுக்குச் சோறு போட்டது. அந்த நன்மையை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் வேம்பு நிழலில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சிறு அறைகளுள் சில வெடித்துத் தரைமட்டமாகிக் கற்குவியலாய்க் கிடப்பதும், அருகே மரங்கள் கருகி நிற்பதும் கம்பிவேலிக்கு அப்பால் தெரிவதுண்டு. அங்கே மிதி சற்று வேகமாகிறது. பார்வை முன்சக்கரத்தின்மேல் பதிகிறது. இரண்டும் இடிபாடுகளே, இரண்டிலும் உழைத்தவர்களின் கைகள் உண்டு. ஒன்றன் முன் நிற்கும் கால்கள் மற்றொன்றன் முன் ஏன் நிற்பதில்லை?

பழைய இடிபாட்டில் துயரத்தைக் காலம் கழுவிவிட்டது என்பது ஒரு விடை. வெம்பக்கோட்டையில் சங்கு அறுத்தவரின் விரல் காயத்தை நாம் காண்பதில்லை; வளையலின் அழகு மட்டும் நம் கைக்கு வருகிறது. அதற்காக அழுவோர் எவரும் அருகில் இல்லை. ஆதலால் நம்மிடம் எதையும் கேட்போரும் இல்லை. புதிய இடிபாட்டின் அருகில் ஒரு தாய் இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவள் நம்மை நிமிர்ந்து பார்த்துவிடுவாளோ என்னும் அச்சமே நம் மிதியை விரைவுபடுத்துகிறது.

இங்கு நியாயமான மறுப்பு ஒன்று எழும். வாரம் முழுதும் அலுவலகத்தில் அடைபட்டுக் கிடந்தவர் ஒருநாள் காற்றையும் மலையையும் தேடி வருகிறார். அவருடைய மகிழ்ச்சியில் பிறர் துயரத்தை ஏன் கலக்கவேண்டும்? இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிடலாகாது. மகிழ்ச்சி குற்றமன்று; கரிசல் காட்டில் விடியும் பொழுதை விரும்பி வருபவர் எவருடைய சோற்றையும் பறிக்கவில்லை. அதே சாலையில், கைப்பிடியில் தூக்குச்சட்டி தொங்க, மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் தொழிலாளியும் அவரது மகிழ்ச்சியைக் கண்டு பொறாமைப்படுவதில்லை. பெரும்பாலும் புன்னகையோடு வழிவிடுகிறார். ஆயின், ஒரு நிலப்பகுதியின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் வாழ்வை விட்டுச்செல்வதாயின், அங்கே வாழ்வோரை நாம் காட்சிப் பொருளாக்கிவிடுகிறோம். மகிழ்ச்சியைக் கைவிடும்படி அறம் கேட்கவில்லை; அந்த மகிழ்ச்சி கண்ணை மூடிக்கொள்ளாதிருக்கவேண்டும் என்றே கேட்கிறது.

எரிகோவுக்கு இறங்கும் சாலையில் அடிபட்டுக் கிடந்த மனிதரைப் பற்றி லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்ன உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு நுட்பம் உண்டு. குருவும் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியரும் கண்டார். மூவருக்கும் கண் இருந்தது. மூவரும் மெதுவாகவே சென்றனர். ஆகவே மெதுவாகச் செல்வது மட்டும் எவரையும் நல்லவராக்கிவிடாது. மிதிவண்டி காணும் வாய்ப்பைத் தருகிறது. கண்ட பின் சாலையின் எந்தப் பக்கமாகச் செல்வது என்பதை வண்டி முடிவுசெய்வதில்லை.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தை இப்பகுதியினர் மறக்கவில்லை. 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு அங்கே ஓடிச்சென்ற அக்கம்பக்கத்து ஊரார். சிலர் உதவ ஓடினர், சிலர் பார்க்க ஓடினர் என்று பிரித்துப் பேசுவதில் பயனில்லை. விலகிச் சென்றிருந்தால் அவர்கள் உயிரோடு இருந்திருப்பர். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் நேர்ந்த விபத்தில் 20-க்கு மேற்பட்டோரை இழந்தோம். செய்தித்தாளில் இவ்விரண்டும் எண்களாகவே வந்தன. எண்ணுக்கு ஒரு தீமை உண்டு: அடுத்த விபத்தின் எண் வந்ததும் முந்தைய எண் மறைந்துவிடும்.

இவற்றை மாற்ற வழிப்போக்கரால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யக்கூடாது என்னும் விதியைக் காப்பதும், காயமுற்றவர்க்கும் மாண்டவர் குடும்பத்தார்க்கும் உரியதைத் தருவதும் அரசின் கடமை, ஆலை உடைமையாளரின் கடமை. அக்கடமைகளை வழிப்போக்கரின் தோளில் ஏற்றுவது முறையன்று. ஆனால் நினைவு எல்லார்க்கும் உரிய கடமை; அதில் நம் முன்னோர் நமக்கு வழிகாட்டியிருக்கின்றனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனின் பெயரையும் அந்தப் பூசல் நடந்த ஊரையும் சொல்கிறது. அவன் அரசன் அல்லன். ஆயினும் அவனுக்கொரு கல் நடப்பட்டது. இருபது நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும் அவன் பெயரை நாம் வாசிக்கிறோம்.

வேற்று நாட்டிலும் இத்தகைய வழக்கம் உண்டு. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே ஒரு மலையேற்றத்தின் உச்சியில் கிசாலோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-இல் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். 1995-இல் பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தில் மலை இறக்கத்தில் விழுந்து இறந்த பேபியோ கசார்டெல்லியின் வண்டி அங்கே வைக்கப்பட்டுள்ளது. மூச்சிரைக்க ஏறிவருபவர்கள், தம் மகிழ்ச்சியின் உச்சியில், அதன் முன் சிறிது நேரம் நிற்கின்றனர். அவர்களுடைய மகிழ்ச்சி அதனால் குறைந்துவிடுவதில்லை.

இங்கும் அது இயலும். முதலிப்பட்டிக்கும் அச்சன்குளத்துக்கும் திரும்பும் சாலைகளில், மாண்டவர்களின் பெயரும் வயதும் ஊரும் பொறித்த கல் நிற்கவேண்டும். அதற்கு முன்னரே வழிப்போக்கர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கழுகுமலைக்குப் போகும் வழியில் தேநீர் குடிக்க இறங்கும்போது, பழைய மேட்டுக்கு வழி கேட்பது போலவே, இங்கே இறந்தவர்கள் யார், அவர்கள் பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். சொல்ல விரும்பாதவர் பேசாமல் இருப்பார். விரும்புபவர் பெயர் சொல்லிப் பேசத் தொடங்குவார். அப்பெயர்களைக் கேட்டு, ஊர் திரும்பித் தம் வீட்டாரிடம் சொன்னால், இந்தச் சாலைக்குக் கொடுக்கவேண்டியதில் ஒரு பகுதியையேனும் அவர் கொடுத்தவராவார். தீபாவளிக்கு மத்தாப்பு வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அக்கடனில் பங்கு உண்டு.