பழைய மணிக்கூடும் புதிய பெயரும்

பாட்டன் காலத்துச் சட்டைப்பை மணிக்கூட்டின் உட்பொறியை எடுத்து, புதிய கூட்டினுள் அமைத்து, தோற்பட்டி பூட்டிக் கைமணிக்கூடாக்கி விற்கும் சிறு பட்டறைகள் இன்று பல நாடுகளில் உள்ளன. பழமையை அழிக்கிறார்கள் என்பர் சேகரிப்போர். பழமைக்கு உயிர் கொடுக்கிறோம் என்பர் வினைஞர். நியாயம் எப்பக்கம்?

அப்பொறிகள் எங்கிருந்து வந்தன என முதலிற் காண்போம். ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து வோல்தம் நகரில் 1854ஆம் ஆண்டு நிலைகொண்ட தொழிற்சாலை, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளை இயந்திரங்களாற் செய்து, செல்வரின் ஆபரணமாயிருந்த மணிக்கூட்டைச் சாதாரண மக்களுக்கும் எட்டச் செய்தது. அங்கு உழைத்தோரிற் பெருந்தொகையினர் பெண்கள். 1957இல் அங்கு உற்பத்தி முடிவுற்றது. அவர்கள் செய்த பொறிகளோ இன்றும் ஓடுகின்றன. ஆனால், பலவற்றுக்குக் கூடு இல்லை. பொன் விலை ஏறியபோதெல்லாம், சிறப்பாக 1980ஆம் ஆண்டளவில், பொற்கூடுகள் கழற்றி உருக்கப்பட்டன. பொறிகள் ஒதுக்கித் தள்ளப்பட்டன. பொன்னை மதித்த சந்தை உழைப்பை மதிக்கவில்லை.

இத்தகைய அநாதைப் பொறிக்குப் புதுக்கூடு செய்வதிற் குற்றமில்லை. எண்ணெய் உலர்ந்து அலுமாரியிற் கிடப்பதினும் ஒருவர் மணிக்கட்டிலே துடிப்பது மேல். ஆனால், பழுதின்றி முழுமையாயுள்ள மணிக்கூட்டை இலாபத்துக்காகப் பிரித்தெடுப்பவன், பொன்னை உருக்கியவன் செய்ததையே செய்கிறான்.

அதனினும் பெரிய கேள்வி பெயர் பற்றியது. மூடியற்ற சட்டைப்பை மணிக்கூட்டிற் சாவி கொடுக்கும் குமிழ் 12இன் மேலிருக்கும். அதனைக் கைக்கு வாய்ப்பாக 3இன் பக்கம் திருப்பினால், 6இலிருந்த விநாடி முள் 9க்குப் போய்விடும்; அதற்கேற்பப் புதிய முகப்பு வரையவேண்டும். இவ்வுழைப்புக்குரிய கூலியை எவரும் மறுக்கார். ஆயின், அம்முகப்பிலே தம் பெயரை மாத்திரம் பொறித்து, முழுவதும் தம் கைவினை என்று விற்பின் அது பொய்யாகும். உழைப்புப் பிரிவினையை விளக்க வந்த மார்க்ஸ், 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) மணிக்கூட்டையே எடுத்துக்காட்டி, அதன் பின்னே நிற்கும் பலவகைத் தொழிலாளரை நீண்டதொரு பட்டியலாகத் தந்தார். அத்தனை பேரையும் ஒரு புதுப்பெயர் மறைத்துவிடலாகாது.

பொறியின் தகட்டிலே செய்தோர் பெயரும் தொடர் இலக்கமும் வெட்டப்பட்டிருக்கும். அது செய்யப்பட்ட காலத்தை அவ்விலக்கம் கொண்டே பெரும்பாலும் கணிக்கலாம். நேர்மையான வினைஞன் அதனை அழியான். பின்புறம் கண்ணாடி வைத்து அதனைக் காட்டுவான். எது பழையது, எது தான் செய்தது என்று வாங்குவோனுக்கு எழுதிக் கொடுப்பான். பழைய நூல்களைப் புதுக்கிப் பதிப்பிப்போரும், முன்னோர் கருத்தைப் பாடமாகச் சொல்லும் நாமும் அவ்வினைஞனிடம் கற்க வேண்டியது இதுவே.